அரை விரல் துணி

அந்தத் தெருவில் தையல்காரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். அவள் கணவரை லிஃப்ட்காரர் என்பார்கள். அவருக்கென்று சொந்தமாக லிஃப்ட் ஒன்றும் கிடையாது. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் பண்ணினால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் அதை ஓட வைப்பது அவர் வேலை. வாழ்நாளில் பாதியை அடுத்தவர்களை மேலே ஏற்றுவதிலேயே கழித்த மனிதர், தான் மட்டும் ஒரு மாடிகூடப் படியில் ஏறியது கிடையாது. அதன் பலன் வயிற்றில் நன்றாகவே தெரிந்தது. "இவரு உள்ள வந்தா ரெண்டு ஆளுன்னு கணக்கு வெச்சுக்கங்கப்பா" என்று கூட வேலை பார்க்கும் மெக்கானிக் கிண்டல் செய்வார். அவரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றது. ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தாண்டி ஒரு காலை அந்தப் பக்கம் வைத்துவிட்டது. ரத்த அழுத்தமும் துணைக்குப் போயிருந்தது.

"இப்பவே பார்த்துக்கிட்டா பெரிய பிரச்சனை இல்ல. அசட்டையா விட்டீங்கன்னா..." என்று டாக்டரம்மா நிறுத்தி, அவரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் கணவரின் அண்ணன் நோயில் கரைந்து போயிருந்தார். ஆள் பாதியாகி, பாதி கால்வாசியாகிப் போன கதை. அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே இருவருக்கும் கை கால் ஓடாது.

"நான் விட்டதெல்லாம் இல்ல டாக்டர். போன வருஷமே ஒரு தடவை முயற்சி பண்ணினேன்" என்றார் அவர், பரீட்சையில் தேறாத பையன் மாதிரி. அது உண்மைதான். யாரோ சொன்னார்கள் என்று வெறும் வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டு, விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி ஓடினார். ஒரு வாரம் முடிவதற்குள் கணுக்கால் பிசகிக்கொண்டது. படுத்த படுக்கையாகக் கிடந்து, இழந்ததை வட்டியும் முதலுமாகச் சாப்பிட்டு மீட்டார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அந்த வீர தீரமெல்லாம் வேண்டாம். டீக்கு சர்க்கரையைப் பாதியாக்குங்க. அது பழகினதும் அடுத்தது. ஒரு மாடி மட்டும் படியில ஏறுங்க, மிச்சத்துக்கு உங்க லிஃப்ட் இருக்கு. சின்னத் தட்டுல சாப்பிடுங்க. பொரிச்சது வாரத்துல ஒரு நாள் போதும். அப்புறம், தினம் எடை மெஷின்ல ஏறி நிக்காதீங்க, மனசு விட்டுப்போகும். உங்க பேன்ட் இடுப்பே சொல்லும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அந்த இடுப்பு யார் கையில் இருக்கிறது என்பது டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய பேன்ட் ஒவ்வொன்றும் வீட்டு முன்னறையில், ஜன்னலோரத்துத் தையல் மெஷினில் அவள் தைத்தது. கடைப் பேன்ட் அவர் இடுப்புக்கு ஒத்து வராது. மின்சாரத்தில் கை வைக்கிறவர் இடுப்பில் இரும்பு வேண்டாம் என்று பெல்ட்டும் போட மாட்டார். ஒரே ஒரு பொத்தான், அதுதான் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வெட்டும்போதே பின்தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மிச்சம் விட்டுத்தான் அவள் வெட்டுவாள். மனிதர் பெருப்பார், துணி பெருக்காது என்பது அவளுடைய தொழில் ஞானம். அந்த மிச்சத் துணிதான் பிறகு அவளுக்கு வினையாக வந்தது.

முதல் சில வாரங்கள் அவர் நன்றாகத்தான் இருந்தார். டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். முதல் மாடியை ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, லிஃப்டுக்குள் புகுந்துகொண்டார். சின்னத் தட்டைப் பார்த்து, "இது யாரு, பொம்மைக்கு வெச்சதா?" என்றார். ஆனால் சாப்பிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குளித்துவிட்டு வந்து பேன்ட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டிப் பார்ப்பார். பொத்தான் எப்போதும்போல மூச்சைப் பிடித்தால்தான் மாட்டும், விட்டால் தெறிக்கப் பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொத்தான் மாட்டாமல் பேன்ட் திறந்து கிடந்தது.

"விடும்மா. நம்ம உடம்பு நம்ம பேச்சைக் கேக்காது. நமக்கு இதெல்லாம் ஆகாது" என்றார்.

அன்று சாயங்காலம் டீக்குப் பழைய அளவுச் சர்க்கரையைத் தானே போட்டுக்கொண்டார். கோபத்தில் போட்டிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். கோபமே இல்லாமல், தோற்றுப் போனவராகப் போட்டுக்கொண்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் இப்போது விட்டால் விட்டதுதான், இனி பிடித்து நிறுத்த முடியாது என்று பட்டது. டாக்டரம்மா பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அவள் மனம் தானாகவே முடித்து முடித்துப் பார்த்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த பேன்ட்டுகளை எடுத்து வந்தாள். உள்புறம் புரட்டினாள். பின்தையலைப் பிரித்து, அரை விரல் அளவுக்குத் துணியை வெளியே விட்டு, மறுபடி தைத்தாள். பழைய தையல் இருந்த தடத்தில் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். வாடிக்கையாளர் ஒருத்தி வாசலில் கூப்பிட்டபோது திருடியைப்போலத் துள்ளி எழுந்து பேன்ட்டை மெஷினுக்கு அடியில் தள்ளினாள். சொந்தக் கணவரின் பேன்ட்டைத் தைப்பதற்கு ஒரு பெண் ஏன் துள்ள வேண்டும் என்று அந்த வாடிக்கையாளர் யோசித்திருப்பாள்.

ஒரே ஒரு தடவைதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் மனசு கொஞ்சம் நிமிரட்டும். உடம்பு நிஜமாகவே குறைய ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் பழைய தையலுக்குக் கொண்டுபோய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள்ளறையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. "ஏம்மா! ஓடி வா! இங்க பாரு!"

அவர் இடுப்புப் பட்டிக்குள் ஒரு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். மூச்சைப் பிடிக்கவே இல்லையாம். சத்தியமாம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அட, ஆமாங்க" என்றாள் அவள். சொன்ன குரல் வேறு யாருடையதோபோல அவளுக்கே கேட்டது.

அதிலிருந்து டீயில் சர்க்கரை மறுபடி பாதியானது. ஒரு மாடி இரண்டு மாடி ஆனது என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்தார். தெருமுனைக் கடைக்காரரிடம் சொன்னார், இஸ்திரிக்காரரிடம் சொன்னார், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா துணி தைக்கக் கொடுக்க வந்தவள், "வீட்டுக்காரருக்கு என்னதான் கொடுக்கறீங்க? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, குறையவே மாட்டேங்குது" என்றாள். "பெருசா ஒண்ணுமில்லைங்க, அளவா சாப்பிடறாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் தையல்காரம்மா ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள்.

அவளுக்கு வலித்தது விரலில் மட்டுமல்ல. அளவு விஷயத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் என்று பெயர் எடுத்தவள். டேப்பைச் சுற்றும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் பெண்களிடம், "மூச்சை விடுங்கம்மா, டேப்கிட்ட நடிக்காதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். இப்போதெல்லாம் அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து உள்ளே போய்விட்டது. சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை?

சரி, அவர் படி ஏறுகிறாரே, சர்க்கரையைக் குறைத்துவிட்டாரே, பொய் சொன்னாலும் நல்லதுதானே நடக்கிறது என்று மனத்தைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்தாள். அது அரைத் தூக்கத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

சில வாரம் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி முகம் வாடிப்போய் வந்தார். "அங்கேயே நின்னுபோச்சும்மா." அவள் மறுபடி பிரித்தாள். இன்னும் அரை விரல். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது தடவை பிரித்தபோது உள்ளே விளிம்புதான் மிஞ்சியிருந்தது. ஊசி இறங்க இடம் தேட வேண்டியிருந்தது. பொய்க்கு இருந்த துணி அத்தோடு தீர்ந்துபோயிற்று. தீர்ந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. இனி நினைத்தாலும் முடியாது.

ஆனால் இரண்டாவது தடவையிலிருந்தே அவர் கூச்சல் போடுவது நின்றிருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். "குறைஞ்சிருக்கு" என்றார், அவ்வளவுதான். அலட்டல் அடங்கிப் பக்குவம் வந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் மனிதருக்கு ஒரு சுறுசுறுப்பு வந்தது பாருங்கள். எவ்வளவோ காலமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தார். ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கதவுக்குத் திருகு போட்டார். அவளுடைய மெஷினைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருந்த நூல் பிசிறையெல்லாம் எடுத்து, எண்ணெய் விட்டு, சத்தமே இல்லாமல் ஓட வைத்தார். ஃபியூஸ் போனால் எப்படி மாற்றுவது, மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் எந்தத் திருகைத் திறக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நீங்கதான் இருக்கீங்களே" என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

"உனக்கும் தெரிஞ்சிருக்கணும்ல" என்றார் அவர், திருகைப் பார்த்தபடியே.

மகளை ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னார். கூட வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குத் தன் நல்ல ஸ்பேனர் செட்டைக் கொடுத்துவிட்டார். சின்னத் தட்டிலும் பாதி மிச்சம் வைத்தார். உடம்பு லேசானால் மனசும் லேசாகிறது என்று அவள் நினைத்தாள். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பெருமை வந்த மறுநிமிடமே நெஞ்சு குறுகுறுத்தது. இவ்வளவும் அரை அரை விரலாகத் தான் தைத்த பொய்யின் மேல் நிற்கிறது. டாக்டரம்மா எடை மெஷினில் ஏற்றி நிறுத்தும் நாளில் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மெஷினிடம் அவளால் எதைப் பிரித்து எதைத் தைக்க முடியும்?

அந்த நாளும் வந்தது. மெஷினில் ஏறுவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் கூட்டம். கூட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

டாக்டரம்மாவின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட்தான். கதவு திறந்து காத்திருந்தது. அவர் அதைத் தாண்டிப் படிப் பக்கம் போனார். எவ்வளவு மாறிவிட்டார் என்று அவள் பின்னாலேயே ஏறினாள். அவர் ஏறியது ஆரோக்கியத்துக்காக இல்லை, முடிந்தவரை தாமதமாகப் போய்ச் சேரத்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். தூசி படிந்த ஜன்னல், அதன் கீழே ஒரு காய்ந்த செடித்தொட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டு, "கம்பி எண்ணெய் கேக்குது" என்றார் பழக்கத்தில்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்தாள்.

"நானும் சொல்லணும். நான் முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா தைரியம் போயிடும்." அவர் படியிலேயே உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். "நான் உன்னை ஏமாத்திட்டேம்மா."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏமாற்றியது தானல்லவா?

"டூல்ஸ் பையில ஒரு டப்பா இருக்கு. ஸ்பேனருக்கு அடியில. பூரா க்ரீம் பிஸ்கட். முதல் தடவை இடுப்பு குறைஞ்சப்போ அவ்வளவு சந்தோஷமா இருந்தது, இனிமே கொஞ்சம் தின்னா தப்பில்லன்னு தோணிடுச்சு. லிஃப்ட் மெஷின் ரூம்ல உட்கார்ந்து தினம் தின்னேன். படியும் ஏறலை. ரெண்டு மாடி ஏறினேன்னு சொன்னதெல்லாம் சும்மா. ரெண்டாவது தடவை பேன்ட் போட்டுப் பார்க்கிறேன், இன்னும் லூசா இருக்கு."

அவர் இடுப்புப் பட்டிக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

"தின்னுக்கிட்டே இருக்கேன், குறைஞ்சுக்கிட்டே இருக்கேன். அண்ணனுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சது. முதல்ல பேன்ட்தான் லூசாச்சு. 'நல்லா இளைச்சுட்டேன் பாரு'ன்னு அவனும் சந்தோஷமாத்தான் சொன்னான். உன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா பிஸ்கட்டையும் சொல்லணும். மூணாவது தடவையும் குறைஞ்சதும் உறுதியாயிடுச்சு. ரோட்டுல எடை மெஷினைப் பார்த்தாலே அந்தப் பக்கம் போயிடறேன். அப்புறம் சோறே இறங்கலை."

குழாய், ஜன்னல், மெஷினுக்கு எண்ணெய், ஃபியூஸ் மாற்றக் கற்றுக் கொடுத்தது, மகளை வரச்சொன்னது, ஸ்பேனர் செட். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் நெஞ்சில் வந்து இறங்கியது. அவர் சுறுசுறுப்பாக இருக்கவில்லை. விடைபெற்றுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வார்த்தைக்கு முன்னால் கைதான் வந்தது. அவர் சட்டையை வெளியே இழுத்து, பேன்ட்டின் பின்பக்கப் பட்டியை வெளியே புரட்டினாள். கீழே இறங்கி வந்த ஒரு பெண்மணி இந்தக் காட்சியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக இறங்கினாள்.

"என்ன பண்றே? யாராவது பார்க்கப்போறாங்க!"

"பாருங்க. நல்லாத் திரும்பிப் பாருங்க."

அவர் கழுத்தை வளைத்துப் பார்த்தார். எந்தத் திருகு எங்கிருந்து இடம் மாறியது என்பதை அது விட்டுப்போன தடத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர். வெளுக்காத துணி ஒரு கீற்றாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வரிசை, பிறகு இன்னொன்று.

"இது..."

"இதுதான் முதல்ல இருந்த தையல். அப்புறம் இது. அப்புறம் இது. நான்தாங்க பிரிச்சு விட்டேன். நீங்க அன்னிக்கு விட்டுடறேன்னு உட்கார்ந்தீங்களே, எனக்குத் தாங்கலை. ஒரு தடவைதான்னு நினைச்சேன்."



"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"இளைக்கவே இல்லையா?"

"தெரியலைங்க. இளைச்சிருக்க மாட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவருக்கு அழுகைதான் வந்தது. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு கோபம் வந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"அண்ணனுக்குப் பேன்ட் பிடிச்சுக் கொடுத்தது நீதானே. மாசா மாசம் கொண்டாந்து கொடுத்தான். கடைசியில பிடிக்க இடமே இல்லன்னு புதுசா வெட்டினே. நான் பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தேன். பிரிக்கும்போது உனக்கு அது ஒரு தடவைகூட ஞாபகம் வரலையா?"

வரவில்லை. அதுதான் உண்மை. ஒரு தடவைகூட வரவில்லை. அதே மெஷின், அதே கத்தரி, அதே கை. அன்று உள்ளே பிடித்த கை இன்று வெளியே விட்டது. பக்கத்தில் நின்றவருக்கு மறக்கவில்லை, தைத்தவளுக்கு மறந்துபோயிருந்தது. அன்பு என்று நினைத்துக்கொண்டு அவள் செய்த காரியத்தில் அவரைப் பற்றிய நினைப்பு எவ்வளவு இருந்தது? அவர் வாடிய முகத்தைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்பதுதானே அதில் பாதி? அவள் தலை குனிந்துகொண்டாள்.

அவர்தான் முதலில் எழுந்தார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். "வா. கூப்பிட்டிருப்பாங்க" என்றார். கையைக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் எழுந்து நிற்கும்வரை நின்றார்.

டாக்டரம்மா எடை மெஷினைக் குனிந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அட, பரவாயில்லையே! ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. அவசரப்படாம செய்யணும்னு நான் சொன்னதைக் கேட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான். எப்படிச் சமாளிச்சீங்க? மத்தவங்களுக்குச் சொல்றேன்."

கணவனும் மனைவியும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அந்த இரண்டு கிலோ எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியும். படியில் போகவில்லை, சின்னத் தட்டில் போகவில்லை. பயம் தின்றது. அவள் ஊட்டிய பயம்.

"நான்தான் டாக்டர்" என்று அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. பேன்ட், அரை விரல், அண்ணன் எல்லாவற்றையும் கொட்டினாள். பிஸ்கட்டை மட்டும் அவர் வாயால் வரட்டும் என்று விட்டாள். அவர் கொஞ்சம் கனைத்துவிட்டு அதையும் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கும் ரத்தம் பார்த்துடலாம், அந்தப் பயமும் போகட்டும்" என்றார். பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. சர்க்கரை மட்டும் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. டாக்டரம்மா அவளிடம் திரும்பினார். "இளைக்கிறது அவரு வேலை. பயம் வந்தா வாயைத் திறந்து சொல்றதும் அவரு வேலை. உங்க வேலை தையல். அதை மாத்திச் செய்யாதீங்கம்மா. பழையபடி ஒரு மாடியிலேருந்து ஆரம்பிங்க. ரெண்டு பேரும்."

வீட்டுக்கு வந்ததும் அவர் பேன்ட்டுகளையெல்லாம் எடுத்து வந்து மெஷின் மேல் போட்டார். "எல்லாத்தையும் பழையபடி ஆக்கு" என்றார். அவள் தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எண்ணெய் விட்டிருந்த மெஷின் சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

முதல் பேன்ட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். மூச்சைப் பிடிக்காமல், வயிற்றை எக்காமல் மாட்டப் பார்த்தார். பொத்தான் துளைக்கு எட்டியும் எட்டாமலும் நின்றது.

"பாத்தியா, மாட்டலை!" என்றார். ஜெயித்துவிட்ட முகம். பேன்ட் இறுகிப்போனதற்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவளால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

பிஸ்கட் டப்பா அன்றே ஒழிந்துவிடவில்லை. அதில் பிஸ்கட் இருந்த இடத்தில் முதலில் பாதிக்குப் பழம் வந்தது, பிறகு முக்கால்வாசிக்கு. எந்தக் கட்டடமானாலும் ஒரு மாடி, பழகிய பிறகு இன்னொன்று. சாயங்காலம் இருவரும் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்தார்கள். நாளெல்லாம் மெஷினில் குந்திக் குந்தி அவளுக்கும் முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சமமாக மூச்சு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொத்தான் மாட்டாவிட்டால் அவர் முகம் வாடும். அவள் வாடிய முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கற்றுக்கொண்டாள். தைக்கக் கற்றதைவிட அது கஷ்டமாக இருந்தது.

ஒன்று மட்டும் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது. பேன்ட்டைப் போடுவதற்கு முன்னால் அவர் அதை உள்புறம் புரட்டிப் பின்தையலைப் பார்ப்பார். தினமும். லிஃப்டை ஓட்டிவிடுவதற்கு முன்னால் கம்பியைப் பார்ப்பதுபோல, கோபமும் இல்லாமல் கிண்டலும் இல்லாமல் பார்ப்பார். அவள் அந்த நேரத்தில் அடுப்படியில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வாய் ஏது?

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளறையிலிருந்து, "ஏம்மா, இங்க வா" என்று குரல் வந்தது. கூச்சல் இல்லை. அவள் ஈரக் கையோடு போய் நின்றாள். அவர் பொத்தானை மாட்டியிருந்தார். மூச்சைப் பிடிக்காமல் நின்றுகொண்டு அவளைப் பார்த்தார்.

"நான் தொடலைங்க" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். பிறகு பொத்தானைக் கழற்றி, பட்டியைப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்தையலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.